துட்டி வீட்டில் கேமரா

நட்சத்திரங்களின் சாவுக்கு இவ்வளவு கண்ணீர் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அழுகிறவர்களை விட்டுவிட்டுப் படம் பிடிக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

1987 டிசம்பர் 24. அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடை ரேடியோவில் விடிந்ததிலிருந்து சோக வாத்தியம்தான். பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். ராமாவரம் தோட்டத்தில் அதிகாலையில் இறந்துபோனார் என்று உறுதியானதும் கடைக்காரர் பாய்லர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தார். சென்னைக்குப் போகலாம் என்றால் பஸ் ஓடவில்லை. அதனால் ஊர் மந்தையிலேயே பந்தல் போட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து கை வைத்த மர நாற்காலி ஒன்று வந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த படத்தை அதில் சாத்தி, மாலை போட்டு, முன்னால் நாழி நிறைய நெல் வைத்து விளக்கேற்றினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள்.

மறுநாள் மெரினாவில் அடக்கம் ஆன நேரத்தில் ஊரில் ஒரு பிரச்னை எழுந்தது. மொட்டை யார் போடுவது? கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பனையேறி ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்சியில் கிளைச் செயலாளர்கூடக் கிடையாது. "பிள்ளை இல்லாத மனுசன்யா. நாமதான செய்யணும்" என்று சொல்லிவிட்டு நாவிதர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர். பதினாறாம் நாள் ஊருக்கே சாப்பாடு.

அந்தப் பந்தலில் ஒரு கேமராகூட இல்லை.

மாமனா, மச்சானா?

ஒரு பிரபலம் மறைந்த அன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். "அவர் உனக்கு மாமனா மச்சானா, இப்படி அழுகிறாய்?" அதன் வால் பிடித்து அடுத்தது: "எல்லையில் சிப்பாய் சாகிறார், மலக்குழியில் தொழிலாளி சாகிறார். அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாயா?" கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பனையேறியிடம் கேட்டிருந்தால், "ஆமா, மாமன்தான். அதுக்கென்ன இப்ப?" என்றுதான் சொல்லியிருப்பார்.

சினிமா வந்த பிறகு நமக்குப் பிடித்த நோய் இல்லை இது. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்று நின்று புலம்புவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்து வைத்த இலக்கியம் நம்முடையது. பாரி போனபின் பறம்பு மலையைப் பார்த்துக் கபிலர் அழுதது புறநானூற்றில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழனை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார், அவன் வடக்கிருந்த இடம் தேடி வந்து தானும் வடக்கிருந்து உயிர்விட்டதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நட்பின் உச்சம் என்று சொல்லிக் கொடுக்கிறோம். முகம் பாராதவனுக்காக உயிர்விட்டவரைப் பாடப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, முப்பது வருடம் திரையில் முகம் பார்த்தவருக்காகக் கண் கலங்குகிறவனைக் கேலி செய்வது பொருந்தவில்லை. (உயிர்விடுவதைக் கொண்டாடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.)

ஒப்பாரி வைக்கும் பெண்களை உற்றுக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கட்டிப்பிடித்து அழும் பத்துப் பேரில், கிடத்தி வைத்திருப்பவருக்காக அழுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் போன வருடம் போன புருஷனைச் சொல்லி அழுவார்கள். தங்காத பிள்ளையைச் சொல்லி அழுவார்கள். அண்ணன்காரன் எட்டிப் பார்க்காததைச் சொல்லி அழுவார்கள். அடக்கி வைத்திருந்ததைக் கொட்ட அவர்களுக்கு ஒரு சாவு வீடு வேண்டியிருந்தது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5-ம் தேதி கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, செப்டம்பர் 25-ல் மறைந்தார். இடையில் ஐம்பது நாள் தமிழ்நாடு அவருக்காகக் காத்திருந்தது. ஆகஸ்ட் 20 மாலை ஆறு மணிக்கு அவர் பாட்டைப் போட்டு வீடு வீடாகப் பிரார்த்தனை நடந்தது. அதே நாட்களில் எத்தனையோ வீடுகளில் சொந்த அப்பாவின் முகத்தையே கடைசியாகப் பார்க்க முடியவில்லை. பையில் சுற்றிய உடலைக் கவச உடை போட்ட ஆட்கள் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நீர்மாலை இல்லை, வாய்க்கரிசி இல்லை. தாமரைப்பாக்கம் தோட்டத்தில் பாலுவை அடக்கம் செய்ததை டி.வி.யில் பார்த்து அந்த வீடுகள் அழுத அழுகையில் பாலுவுக்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

2023 டிசம்பர் 28-ல் விஜயகாந்த் மறைந்தபோது கோயம்பேடு கட்சி அலுவலகம் கூட்டம் தாங்காமல், மறுநாள் உடலைத் தீவுத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். அன்று அவரைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் சொன்னது சினிமாவைப் பற்றி இல்லை, சோற்றைப் பற்றி. தி.நகர் ராஜாபாதர் தெருவில் வந்தவர்க்கெல்லாம் போட்ட சாப்பாடு. ஷூட்டிங்கில் ஹீரோவுக்கும் லைட்மேனுக்கும் ஒரே பந்தி. பசித்த நாளில் கை நனைத்த வீட்டின் சாவுக்குப் போய் நிற்பது நம் ஊரில் கடமை. அதை வெறி என்று சொல்லிவிட முடியாது.

தலைமாட்டில் யார்?

ஆகவே அழுகிறவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. அழுகையை எண்ணிப் பார்க்கிறவர்கள் வந்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்தார்கள் என்பது கின்னஸ் பதிவு. மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4 கோடியே 12 லட்சம். குழந்தை குட்டி, கிழவன் கிழவி எல்லாம் சேர்த்து மூன்றில் ஒருவருக்கு மேல் இரண்டு நாளில் சென்னைக்கு வந்து சேர முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தின் அன்பு நிஜம். எண்ணிக்கை நம் ஆசை. ரயில் கூரையில் ஏறி வந்தவர்கள் கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டுச் செத்தது மட்டும் அந்தப் பெருமைக் கணக்கில் சேர்வதில்லை.

எம்.ஜி.ஆர். உடல் ராஜாஜி மண்டபத்தில் கிடந்தபோது, தலைமாட்டில் முதல் நாள் பதின்மூன்று மணி நேரமும் மறுநாள் எட்டு மணி நேரமும் ஜெயலலிதா நின்றார். பீரங்கி வண்டியில் ஏறப் போனவரைக் கீழே தள்ளினார்கள். எங்கள் ஊர் மந்தையில் 'மொட்டை யார் போடுவது' என்று எழுந்த அதே கேள்விதான், அங்கே 'வாரிசு யார்' என்று எழுந்தது. இருபத்தொன்பது வருடம் கழித்து அதே மண்டபத்தில் ஜெயலலிதாவின் உடலைச் சுற்றி யார் நின்றார்கள் என்று நாடே பார்த்தது. 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்கு மெரினாவில் ஆறடி நிலம் உண்டா என்பதை உயர் நீதிமன்றம் ராத்திரியோடு ராத்திரியாக விசாரித்து விடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று ராஜாஜி மண்டப நெரிசலில் சிக்கித் தொண்டர்கள் உயிரிழந்தார்கள்.

ஜெயலலிதா இறந்த வாரத்தில், அதிர்ச்சியில் உயிர்விட்டவர்கள் என்று அ.தி.மு.க. நூற்றுக்கணக்கான பெயர்களை அடுத்தடுத்து வெளியிட்டது. குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. உதவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு கிராமத்தில் நெஞ்சுவலியில் போன ஒரு பெரியவரின் சாவு, அவருடைய சாவாக இல்லாமல் தலைவியின் புகழுக்குச் சாட்சியாகிவிட்டது. பட்டியல் நீள நீளத் தலைவியின் பெருமை கூடும் என்றால், துக்கம் அங்கே போட்டியாகிவிடுகிறது.

ஆச்சி சொன்ன நாலு விஷயம்

எங்கள் பக்கம் சாவு வீட்டைத் 'துட்டி வீடு' என்பார்கள். முதல் முறை என்னைத் துட்டி கேட்க அழைத்துப்போன ஆச்சி, வழியில் நாலு விஷயம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்று, அந்த வீட்டு ஆட்கள் சொல்லி அனுப்புகிறவரை நாமாக யாரிடமும் செத்துப்போனதாகச் சொல்லக் கூடாது. இரண்டு, 'எப்படி?' என்று கேட்டால் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ஒரு தடவை கேட்கலாம். உள்ளே அழுதுகொண்டிருப்பவளிடம் கேட்கக் கூடாது. மூன்று, அழுகிறவர்கள் முகத்தை வெறித்துப் பார்க்கக் கூடாது. நாலு, கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

வாசலில் செருப்பை விட்டோம். வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்கள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்கள். நான் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே போனேன். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோற்றுப்பானை வந்தது.

இந்தப் பழக்கத்தை முழுசாகத் தலையில் வைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. வெயிலில் ஊர் ஊராக ஓடி இழவு சொன்னவர், பறையடித்தவர், குழி வெட்டியவர் யார் என்று பார்த்தால் சாதியின் கொடுமை அப்பட்டமாகத் தெரியும். அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஆச்சி சொன்ன நாலும் சாதி பார்த்து வந்தவை இல்லை. எல்லா வீட்டுத் துட்டிக்கும் பொது. ஒரு நட்சத்திரத்தின் வீடு துட்டி வீடாகும்போது மட்டும், நாலும் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன.

உயிர் இருக்கும்போதே இழவு

2016 டிசம்பர் 5, சாயங்காலம். ஜெயலலிதா ஆஸ்பத்திரியில் சேர்ந்து 75-வது நாள். தமிழ் சேனல்கள் சில, அவர் இறந்துவிட்டதாகத் திரையில் ஓட்டின. ராயப்பேட்டையில் கட்சித் தலைமை அலுவலகத்துக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்தது. இறங்கிய கொடி திரும்ப மேலே ஏறியது. அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்தது. உயிர் பிரிந்த நேரம் இரவு 11.30 என்றது. உள்ளே சிகிச்சை நடந்துகொண்டிருக்க, வெளியே ஒரு மாநிலம் இழவு கேட்டு, பிறகு இல்லை என்று கேட்டு, மறுபடி கேட்டது.

ஐந்து நிமிடம் முந்திச் சொன்னால் அந்தச் சேனலுக்கு என்ன கிடைக்கிறது என்று செய்தி அறையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். 'நாமதான் ஃபர்ஸ்ட்' என்ற ஒரு வரி. வாரம் முடிந்து டி.ஆர்.பி. வரும்போது ஓர் எண். மூத்த தலைவரோ நடிகரோ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே அவருடைய வாழ்க்கைக் கதையை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, தயாராக வைத்துவிடுவார்கள். அதில் தப்பில்லை, பத்திரிகைகளும் காலங்காலமாகச் செய்வதுதான். தயாரான பேக்கேஜை எப்போது ஓட்டுவது என்ற அவசரத்தில்தான் மனிதத்தனம் நழுவுகிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இப்போது யானை சாகும்வரை காத்திருக்கக்கூட ஆளுக்குப் பொறுமை இல்லை.

'எப்படி?' என்னும் கேள்வி

சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, 2018 பிப்ரவரி 24-ல் துபாய் ஹோட்டல் ஒன்றில் இறந்தார். வயது 54. முதலில் மாரடைப்பு என்றார்கள். பிறகு, நினைவிழந்து குளியல் தொட்டியில் மூழ்கியது காரணம் என்று துபாய் அதிகாரிகள் சொல்லி வழக்கை முடித்துக்கொண்டார்கள். நம் நாட்டு சேனல்கள் முடித்துக்கொள்ளவில்லை. ஸ்டூடியோவுக்குள் குளியல் தொட்டி வந்தது. தொட்டியின் ஆழம், தண்ணீரின் அளவு, அவர் உயரம் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு நிருபர் தொட்டிக்குள் இறங்கிப் படுத்தே காட்டினார். ஐந்து வயதுக்குள் கேமரா முன்னால் வந்து, ஐம்பது வருடம் நடித்த ஒரு கலைஞரின் கதை, மூன்று நாள் ஒரு தொட்டிக்குள் மூழ்கடிக்கப்பட்டது.

2020 ஜூன் 14-ல் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது நடந்தது அதைவிட மோசம். மறுநாள் கல்வானில் இருபது இந்திய வீரர்கள் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். கொரோனா வேறு ஏறிக்கொண்டிருந்தது. பல இந்தி, ஆங்கிலச் சேனல்களுக்கு மாதக்கணக்கில் சுஷாந்தின் சாவுதான் தலைப்பு. 'நியாயம் வேண்டும்' என்று கூவி, அவருடைய தோழி ரியா சக்ரவர்த்தியைத் திரையிலேயே குற்றவாளியாக்கினார்கள். போதைப்பொருள் வழக்கில் அவர் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தார். ஊடகங்களே விசாரணை நடத்துவதை மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் கண்டித்தது. 2025 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்கை முடித்து அறிக்கை கொடுத்தது. அந்தச் செய்திக்கு எத்தனை சேனல் அதே சத்தம் போட்டது?

'எப்படி?' என்று திரும்பத் திரும்பக் கேட்பது நாகரிகக் குறைவு மட்டுமில்லை, உயிர் குடிக்கும். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டின் மீதி மாதங்களில், வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட 1,841 தற்கொலைகள் அமெரிக்காவில் கூடுதலாக நடந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகம். பிரபலத்தின் தற்கொலையை எந்த வழியில், எந்த இடத்தில் என்று விவரித்து எழுதினால் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் மனங்களை அது இழுத்துவிடுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்கிறது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் 2019-ல் விதிமுறை வகுத்திருக்கிறது: முக்கிய இடத்தில் போடாதே, முறையை விவரிக்காதே, படம் போடாதே. விதி காகிதத்தில் இருக்கிறது. பிசிராந்தையார் கதையில் நான் சொன்ன ஆபத்து இதுதான். தலைவனுக்காகத் தீக்குளித்தவனைத் தியாகி என்று சுவரொட்டி அடிக்கும் ஊர், அடுத்தவன் கையில் தீப்பெட்டியைக் கொடுக்கிறது. (மனம் தளர்ந்திருப்பவர்கள் எந்த நேரமும் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.)

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17-ல் மாரடைப்பால் மறைந்தார். இரண்டு நாள் முன்னால்தான், மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் கேமரா முன்னால் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் பிறகு அதையே சொன்னது. ஆனால் 'எப்படி?' என்ற கேள்வி அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டது. இரண்டாவது அலை ஏறிய நேரத்தில், ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று தயங்கி நின்றவர்களுக்கு அது ஒரு சாக்கு. எதற்காக அந்த மனிதர் கையை நீட்டினாரோ, அதற்கு நேர் எதிராக அவர் சாவு பயன்பட்டது.

அழுகிற முகம்

இயக்குநர் பாரதிராஜாவின் மகன், நடிகர் மனோஜ், 2025 மார்ச் 25-ல் 48 வயதில் இறந்தார். எண்பது தாண்டிய தகப்பன், மகனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தார். கிராமத்துச் சாவு வீட்டின் அழுகையைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். அவர் முகத்துக்கு நேரே செல்போன்கள் நீண்டன. வருகிற ஒவ்வொருவர் பின்னாலும் மைக் ஓடியது. காரிலிருந்து இறங்கி உள்ளே போவதற்குள் ஒரு நடிகை அழுகிறாரா இல்லையா என்பது தனி வீடியோவாயிற்று. இறுதிச் சடங்குகளில் ஊடகங்களை அனுமதிக்க வேண்டாம் என்று திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் அதன்பின் கேட்டுக்கொண்டது. ஒரு சங்கம் அறிக்கை விட்டுச் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டது, ஆச்சி நடந்துகொண்டே சொன்ன விஷயம்.

மைக் பிடிக்கிற பையன்கள்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். அவர்களில் பலருக்கு நாலு வீடியோ போனால்தான் அன்றைய கூலி. கடைசி மரியாதை செலுத்திவிட்டு வெளியே வருகிறவரிடம் 'ஒரு பைட் சார்' என்று கெஞ்சுகிறவனுக்கு அது வயிற்றுப்பாடு. அழுதபடி வருபவரைக் காட்டும் வீடியோவுக்கு லட்சம் பேர் வருகிறார்கள் என்பதால்தான் அவனை அங்கே அனுப்புகிறார்கள். அந்த லட்சத்தில் நானும் இருந்திருக்கிறேன், நீங்களும் இருந்திருப்பீர்கள்.

நாலாவது விஷயம், சொல்லாமல் எழுந்து வருவது. அது இணையத்துக்குத் தெரியவே தெரியாது. பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் சொத்து யாருக்கு, கடைசி ஆசை என்ன, மனைவி ஏன் பொட்டு வைத்தார் என்று சிவப்பு வட்டம் போட்ட தம்ப்நெயில்கள் வந்துகொண்டே இருக்கும். உயிரோடு வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் மூத்த நடிகர்களை வருடத்துக்கு ஒரு தடவை சாகடித்துப் பார்ப்பதும் உண்டு.

கண்ணீருக்கு அளவில்லை, நேரத்துக்கு உண்டு

'சிப்பாய்க்கு அழுதாயா?' என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். கண்ணீர் ரேஷன் பொருள் இல்லை. ஒருவருக்கு அழுததால் இன்னொருவருக்குக் குறைந்துபோகாது. ஆனால் செய்தி நேரம் ரேஷன்தான். நாளுக்கு 24 மணி நேரம். அதற்கு மேல் எந்தச் சேனலாலும் நீட்ட முடியாது. குளியல் தொட்டிக்குக் கொடுத்த மணி நேரம் வேறு எதிலிருந்தோ எடுத்தது.

ஸ்ரீதேவி இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான், கோவைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி வைத்து அடித்துக் கொன்றார்கள். கேரளம் கொந்தளித்தது. மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு அந்த வாரம் தொட்டிதான் ஓடியது.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. மனைவியும் மகனும் அங்கிருந்து ஓட வேண்டியிருந்தது. சக டாக்டர் ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். தலைவர்களை வழியனுப்பக் கடல்போலத் திரண்ட அதே ஊர்தான். நமக்குத் துக்கப்படத் தெரியும் என்பதற்கு மெரினா சாட்சி என்றால், யாருக்குப் படுவது என்பதில் நாம் எவ்வளவு கறாரானவர்கள் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

ஆனால் கேமராவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. 2021 மே 17-ல் கி. ராஜநாராயணன் மறைந்தார். புதுச்சேரியிலிருந்து உடல் அவருடைய சொந்த ஊரான இடைசெவலுக்கு வந்தது. எழுத்தாளர் ஒருவருக்குத் தமிழ்நாடு அரசு மரியாதை கொடுத்து வழியனுப்பிய நாள். ஊரடங்கு நேரம், எங்களால் போக முடியவில்லை. அவர் எழுதிய கரிசல் மண்ணில் அவரை வைத்ததை ஃபோனில்தான் பார்த்தேன். அந்தக் கேமரா தூரத்தில் நின்றது. யார் முகத்துக்குள்ளும் போகவில்லை. பின்னணி இசை போடவில்லை. துட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டிய முறையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது கை கொடுத்தது.

துக்கத்தை என்ன செய்வது?

கர்நாடகத்தில் ஒரு குடும்பம் இதற்கு விடை காட்டியது. 2006 ஏப்ரலில் கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது பெங்களூரு பற்றி எரிந்தது. ஒரு போலீஸ்காரர் அடித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டிலும் உயிர்கள் போயின. 2021 அக்டோபர் 29-ல் அவர் மகன் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென்று இறந்தபோது கூட்டம் அதே அளவுக்குத் திரண்டது. ஆனால் கண்டீரவா ஸ்டேடியத்தில் உடலை வைத்து, வரிசை கட்டி, எல்லாரையும் பார்க்கவிட்டு, அமைதியாக அடக்கம் செய்தார்கள். தகப்பன் செய்ததுபோலவே மகனும் கண்களைக் கொடுத்திருந்தார். விழிவெண்படலத்தை அடுக்கடுக்காகப் பிரித்து நாலு பேருக்குப் பொருத்தினார்கள் டாக்டர்கள். அடுத்த வாரங்களில் கண்தானத்துக்குப் பதிவு செய்யக் கூட்டம் அலைமோதியது. அதையும் சொன்னது ஊடகம்தான். காட்ட வேண்டியதைக் காட்டினால் அதே கேமராவால் இதுவும் நடக்கும்.

விவேக் அப்துல் கலாமின் பேச்சைக் கேட்டு ஒரு கோடி மரம் நடக் கிளம்பியவர். 33 லட்சத்தைத் தாண்டியபோது போய்விட்டார். அவர் இறந்த வாரத்தில் ஊர் ஊராக இளைஞர்கள் கன்று நட்டார்கள். எங்கள் ஊர் மந்தையிலும் ஒரு வேம்பு வைத்தார்கள். 1987-ல் நாற்காலி போட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான். ஆடு கடிக்காமல் இருக்க முள் கட்டியிருக்கிறார்கள்.

எனவே இந்தக் கட்டுரையின் தீர்ப்பு இவ்வளவுதான். பிரபலம் என்பதால் ஒருவர் சாவுக்கு அழக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மனசு கலங்கினால் அழுங்கள். அவர் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ஒரு கன்று வையுங்கள். கண்தானம் எழுதி வையுங்கள். ஆனால் இறந்தவருடைய வீடு மக்கள் மன்றமாகிவிடாது. அது துட்டி வீடு. சேனல்காரர்கள் கேட்டுக்குள் நுழைய வேண்டாம். தெருமுனையில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். அரசும் காவல் துறையும் கூட்டத்துக்கு வழி ஒதுக்குவதுபோல, குடும்பத்துக்கும் கண் படாத ஓர் இடம் ஒதுக்கட்டும்.

மிச்சம் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பிரபலம் மறையும்போது, 'கதறி அழுத மனைவி' என்று ஒரு வீடியோ உங்கள் ஃபோனுக்கு வரும். திறக்காதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.